ஸ்கொயர் செயினுக்கு அரம் போடும்போது மூலை தவறினால் எல்லாம் தவறும்

மரம் அறுக்கும் செயின் ரம்பத்தின் சங்கிலியைக் கூர் போடுவதில், உருண்டை அரத்தில் நன்றாகக் கை பழகியவர்கள்தான் ஸ்கொயர் செயினில், அதாவது பல்லின் உள்முகம் வளைவாக இல்லாமல் தட்டையாக இருக்கும் சங்கிலியில், முதலில் தடுமாறுகிறார்கள். உருண்டை அரம் கொஞ்சம் மேலே கீழே போனாலும் பல் ஒப்பேற்றிவிடும். ஸ்கொயர் செயின் அப்படி விட்டுக்கொடுக்காது. பல்லின் மேல்பகுதியான மேல்தகட்டின் உட்சரிவும், பக்கவாட்டுப் பகுதியான பக்கத்தகட்டின் சரிவும் இரண்டு தட்டையான முகங்களாக வந்து, பல்லின் வெளி மூலையில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். மரத்தின் நாரை முதலில் அறுப்பது அந்த மூலைதான். அது சரியாக அமைந்தால், சுத்தமான மரத்தில் சாதாரண செயினைவிட வேகமாக இறங்கும்.

ஆகவே பெரிய தவறு, அரத்தின் விளிம்பு அந்த மூலையில் உட்காராமல் போவது. பல்லுக்குள் அரத்தின் விளிம்பு ஒரு கோடு விட்டுச் செல்லும். அந்தக் கோடு மூலைக்குக் கீழே, பக்கத்தகட்டில் முடிந்தால் மூலை கிளி மூக்கு மாதிரி மெலிந்து முன்னே நீளும். முதல் சில வெட்டுகள் அருமையாக இருக்கும், அப்புறம் அது நொறுங்கிவிடும். கோடு மேலே ஏறி மேல்தகட்டில் முடிந்தால் மூலை தடித்து, செயின் மரத்தில் இறங்காமல் தேய்க்கும். வெறும் கண்ணை நம்ப வேண்டாம். பல்லின் மேலும் பக்கமும் மார்க்கர் மை தடவி, இரண்டு மூன்று இழுப்பு மட்டும் போட்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறது என்பதே அரம் எங்கே உட்காருகிறது என்று சொல்லிவிடும். புதுச் செயினின் ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. நான் கோணமானியைவிட அந்தத் துண்டைத்தான் அதிகம் நம்புகிறேன்.

அடுத்தது, தேய்ந்த அரத்தோடு மல்லுக்கட்டுவது. இந்த வேலைக்கென வரும் இரட்டைச் சரிவு அரமோ, அறுகோண அரமோ, முதலில் போவது அதன் விளிம்புதான். தட்டையான பகுதியில் பற்கள் புதிதுபோல் இருக்கும், நாமும் அரம் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளவென்று ஒரு கோடு ஓடினால் அந்த விளிம்பின் ஆயுள் முடிந்தது. மழுங்கிய விளிம்பால் கூரான மூலை எடுக்க முடியாது.

உருண்டை அரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுவோம். ஸ்கொயர் செயினில் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறார்கள். அப்போது அரம் முதலில் தொடுவது பல்லின் வெளிப்பக்கத்தில் இருக்கும் கடினமான குரோம் பூச்சை. அங்கே வேகமாக இடித்தால் அரம் சீக்கிரம் போய்விடும். மெதுவாகத் தொட்டு, பிறகு அழுத்துங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், இழுத்துக்கொண்டு வரக்கூடாது.

செயின் ஆடினால் இவ்வளவு கவனமும் வீண். செயின் சுற்றி ஓடும் தட்டையான பட்டையை (பார்) வைஸில் இறுகப் பிடித்து, செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவதும் கையுறை போடுவதும் கட்டாயம்.

சரி, எவ்வளவு ராவுவது? ஒவ்வொரு பல்லுக்கும் ஐந்து இழுப்பு என்று எண்ணுவது பழைய பழக்கம். வலது கைப் பக்கத்து இழுப்பும் இடது பக்கத்து இழுப்பும் ஒரே பலத்தில் விழாது. பற்களின் நீளம் மாறி, வெட்டு ஒரு பக்கமாக வளையும். எண்ணுவதற்குப் பதில் காலிப்பரால் அளந்து, மிகக் குட்டையான பல்லுக்குச் சமமாக மற்றவற்றைக் கொண்டுவாருங்கள். கல்லில் பட்டு உடைந்த மூலை என்றால், குரோமில் இருக்கும் சேதம் முழுவதும் மறையும் வரை ராவ வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடம் உடனே மழுங்கும். கூரானதா என்று பார்க்க, விளிம்பை நேராக வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். வெள்ளைக் கீற்று மின்னினால் இன்னும் மழுங்கல் இருக்கிறது. நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பித் தராது.

பற்களுக்கு முன்னால் இருக்கும், வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முட்டுப் பகுதியைக் கண்மதிப்பில் ராவாதீர்கள். பல செயின்களுக்கு அது பல்லின் உச்சியைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். அதற்கு மேல் குறைத்தால் செயின் மரத்தைக் கவ்வி உதைக்கும், இயந்திரம் கையைவிட்டுத் துள்ளக்கூடும்.

உருண்டையாகக் கூர் போட்ட செயினைக் கை அரத்தாலேயே ஸ்கொயராக மாற்ற முயல்வதும் தவறுதான். வளைந்த பகுதி முழுவதையும் தட்டையாக்க ஏராளமான எஃகு போக வேண்டியிருக்கும். முதல் மாற்றத்தை கிரைண்டரில் செய்துகொள்ளுங்கள், அதன் பிறகான பராமரிப்பைக் கையால் பாருங்கள். மண்ணும் மணலும் ஒட்டிய கட்டைகளுக்கோ சாதாரணச் செயினையே மாட்டுங்கள். அங்கே அந்த மூலை சில நிமிடங்கள்கூடத் தாக்குப்பிடிக்காது.