நம்பிக்கையான ஸ்டீல் கிட்டார் கடையை இனங்காண்பதும் அதைக் காப்பதும்

பெடல் ஸ்டீல் கிட்டார் கற்க விரும்பும் ஒருவர் அமெரிக்காவின் பெரிய இசைக்கருவி அங்காடிகளில் எதற்குள் நுழைந்தாலும் சுவர் முழுவதும் சாதாரண கிட்டார்கள் தொங்குவதைக் காணலாம்; பெடல் ஸ்டீல் ஒன்றாவது அங்கே இருப்பது அபூர்வம். அப்படியே இருந்தாலும், அதற்குச் சுருதி கூட்டி வாசித்துக் காட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த பணியாளர் பெரும்பாலும் இருக்கமாட்டார். ஆகவே இந்தக் கருவியை வாசிப்பவர்கள், தனி ஒருவரோ கணவன் மனைவியோ நடத்தும் சின்னஞ்சிறு கடைகளையே நம்பியிருக்கிறார்கள். அத்தகைய கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதை நடத்துபவர்களின் திறமைக்குரிய மதிப்பை எப்படிச் செயலில் காட்டுவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கருவியின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். கிடத்திய கிட்டாரின் தந்திகள்மீது உருக்குத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியவர் ஹவாயைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்று பரவலாகக் கருதப்படுகிறது. கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்தக் குழைவு அந்நியமாகத் தோன்றாது. பின்னர், மிதித்தால் தந்தியின் சுருதியை மாற்றும் கால் பெடல்கள் அதில் சேர்ந்தன. 1954இல் வெற்றிபெற்ற, பாடகர் வெப் பியர்ஸின் பாடல் ஒன்றில் ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து ஒலியை வளைத்துக் காட்டியதும் அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசை உலகம் முழுவதும் அந்த ஒலியைத் தேடத் தொடங்கியது. இன்று பரவலாக உள்ள ஈ9 என்னும் சுருதி அமைப்பில் 10 தந்திகளும், 3 பெடல்களும், முழங்காலால் தள்ளிச் சுருதியை மாற்றும் லீவர்கள் பெரும்பாலும் 4 அல்லது 5உம் இருக்கும். கருவியைக் கவிழ்த்துப் பார்த்தால் மெல்லிய கம்பிகள், குறுக்குத் தண்டுகள், நெம்புகள், விற்சுருள்கள் என்று ஒரு முழு இயந்திரமே தெரியும். இந்த இயந்திரத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே; அதனால்தான் நல்ல கடையின் அருமை இவ்வளவு பெரிதாகிறது.

இத்தகைய கடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாஷ்வில்லின் பிராட்வே தெருவில் இருந்த ஷோ-பட் கடை சிறந்த முன்மாதிரி. ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் 1950களின் இறுதியில் தொடங்கிய நிறுவனம் அது; எம்மன்ஸ் பின்னர் பிரிந்து சென்று தம் பெயரிலேயே கருவிகள் தயாரிக்கத் தொடங்கினார். கிராண்ட் ஓல் ஓப்ரி என்னும் புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை நடைபெற்ற ரைமன் அரங்கம் மிக அருகில் இருந்ததால், மேடைக் கலைஞர்களின் தேவையைத் தயாரிப்பாளர்கள் நேரடியாகவே கேட்டறிய முடிந்தது. கருவியைச் செய்பவரும் பழுது பார்ப்பவரும் வாசிப்பவரும் ஒரே கூரையின்கீழ் சந்திக்கும் இடம் என்பதே அந்தக் கடையின் பலம். உங்கள் ஊர்க் கடையிலும் நீங்கள் தேட வேண்டியது இந்தச் சந்திப்பைத்தான். விற்பனைக்கு வைத்திருக்கும் கருவிகளின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு கவனித்தால் போதும்.

கடைக்குள் சென்றதும் பழுது பார்க்கும் மேசையைப் பாருங்கள். அதன்மேல் ஒரு கருவி கவிழ்ந்து கிடந்து, பக்கத்தில் பழைய உதிரிபாகங்கள் பெட்டி பெட்டியாக வகைபிரித்து வைக்கப்பட்டிருந்தால் அது நல்ல அறிகுறி. அடுத்து, உரிமையாளர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். எந்த வகை இசையை விரும்புகிறீர்கள், உயரம் எவ்வளவு, கருவியைத் தனியாகத் தூக்க முடியுமா, கற்றுத்தர யாரேனும் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்ட பிறகே விலையைப் பேசுபவர் நம்பத்தக்கவர். அதைவிடச் சிறந்த அடையாளம், வேண்டாம் என்று சொல்லும் துணிவு. ஷோ-பட் மேவரிக் போன்ற பழைய தொடக்கநிலைக் கருவிகள் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்துப் புதியவர்கள் ஆசைப்படுவதுண்டு. இன்றைய பாடங்கள் எதிர்பார்க்கும் லீவர்கள் அவற்றில் போதுமான அளவு இல்லை என்பதை எடுத்துச் சொல்லி, கைக்கு வந்த விற்பனையைத் தாமே விட்டுக்கொடுக்கும் கடைக்காரரை நீங்கள் கண்டால், வேறு கடை தேட வேண்டிய அவசியமில்லை.

வாங்கும் முன் ஒரு சோதனையை அவர் முன்னிலையிலேயே செய்யுங்கள். நல்ல கடைக்காரர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார், பெரும்பாலும் தாமே செய்து காட்டுவார். சுருதியைக் காட்டும் ட்யூனரை இணைத்து 4ஆம் தந்தியான ஈ ஸ்வரத்தை மீட்டுங்கள். பிறகு முதல் இரண்டு பெடல்களையும் சேர்த்து மிதியுங்கள். அந்தப் பெடல்களுக்கும் 4ஆம் தந்திக்கும் தொடர்பில்லை. ஆனாலும் முள் சற்றே கீழிறங்கும். பெடலின் இழுவிசையால் கருவியின் உடற்பகுதி நுட்பமாக வளைவதே இதற்குக் காரணம். இறக்கம் சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்) அளவில் இருந்தால் கவலையில்லை. காதுக்கே தெரியும் அளவுக்கு இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். அவர் மழுப்பாமல் விளக்குகிறாரா என்பதில் கருவியின் தரத்தோடு கடையின் தரமும் வெளிப்பட்டுவிடும்.

பழுதுக்குக் கொண்டுசெல்லும்போது, "ஏதோ சரியில்லை" என்று மட்டும் சொல்லிக் கருவியை ஒப்படைப்பது அவருடைய நேரத்தை வீணாக்கும். எந்தத் தந்தி, எந்தப் பெடல், மிதிக்கும்போதா விடும்போதா என்று ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். எடுத்துக்காட்டாக, 0.011 அங்குலத் தடிமனுள்ள 3ஆம் தந்தி ஜி ஷார்ப் சுருதியில் மிகுந்த விறைப்போடு நிற்பதால் மற்றவற்றைவிட விரைவில் அறுபடுவது இயல்பே. ஆனால் அது ஒவ்வொரு முறையும் தந்தியை இழுக்கும் உலோக விரலின் உச்சியிலேயே அறுபட்டால், அங்கே நுண்ணிய பள்ளம் விழுந்திருக்கக்கூடும். அறுந்த துண்டைத் தூக்கி எறியாமல் உறையில் போட்டுக் கொடுத்தால், எந்த இடத்தில் அறுந்தது என்பதைக் கடைக்காரர் ஒரு பார்வையிலேயே கண்டுகொள்வார். பெரும்பாலும் அந்த உச்சியைத் தேய்த்து மெருகேற்றினாலே தொல்லை தீர்ந்துவிடும். அதேபோல, பெடலை விட்ட பிறகும் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், கருவியின் பக்கவாட்டிலுள்ள நைலான் திருகுகளைக் கண்டபடி முறுக்காதீர்கள். அளவுக்கு மீறி இறுகிய திருகே தந்தி திரும்புவதைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். திருகைத் தொட்டிருந்தால் எதைத் தொட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; அவருக்குப் பாதி வேலை மிச்சமாகும்.

இனி, கடைக்கு நாம் செய்ய வேண்டியது. ஒரு மணி நேரம் அவரிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, சிறிது விலை குறைவு என்பதற்காக இணையத்தில் வாங்குவது எனக்குச் சற்றும் ஏற்புடையதாகத் தெரியவில்லை. தந்திகள், விரல் கவசங்கள், வால்யூம் பெடலின் தேய்ந்துபோன பொட்டென்ஷியோமீட்டர் போன்ற சிறு பொருள்களையாவது அங்கேயே வாங்குங்கள். புதுக் கருவி விற்காத மாதங்களில் இந்தச் சில்லறை வியாபாரந்தான் வாடகைக்கு உதவும். பழுது பார்த்த கூலியில் பேரம் பேசாதீர்கள். கருவியை விற்கும் எண்ணம் வந்தால், கழிவுத்தொகை கொடுத்து அந்தக் கடையின் மூலமே விற்பனைக்கு வையுங்கள். வாங்குபவருக்கும் சரிபார்த்த கருவி கிடைக்கும். தொலைபேசியை எடுத்துப் பேசி, கணக்கு எழுதி, பொதிகளைக் கட்டி அனுப்புபவர் பல கடைகளில் உரிமையாளரின் மனைவிதான். மேசையில் வேலை செய்பவருக்குச் சொல்லும் நன்றியை அவருக்கும் பெயர் சொல்லித் தெரிவியுங்கள்.

செயின்ட் லூயிஸில் ஸ்காட்டி என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட டிவிட் ஸ்காட், கடை நடத்தியதோடு நில்லாமல், நாடெங்கும் உள்ள ஸ்டீல் கிட்டார் கலைஞர்களை ஆண்டுதோறும் ஒன்றுகூட்டிய மாநாட்டையும் வளர்த்தெடுத்தார். உங்கள் கடைக்காரர் சிறிய வாசிப்புக் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தால், நாற்காலிகளை எடுத்துப் போடவாவது முன்கூட்டியே செல்லுங்கள்.

கடைக்காரர் முதியவராக இருந்தால் இன்னொன்றையும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கருவியில் எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு மாற்றுகிறது, எந்த உதிரிபாகம் எந்தத் தயாரிப்பாளருடையது, எந்த ஆண்டு என்ன மாற்றப்பட்டது என்பதை அவரிடம் கேட்டு எழுதி, அடிப்பாகத்தின் புகைப்படங்களோடு கருவியின் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அவர் அனுமதித்தால் இளம் வாசிப்பாளர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று, அடுத்த முறை அந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கச் செய்யுங்கள்.