செக் திரும்பி வந்தால் நாள் எண்ணும் முறை

கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பிவிட்டால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்குப் போட மூன்று கெடுக்களைக் கடக்க வேண்டும். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்தபின், பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு 30 நாள். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட, செக் கொடுத்த எதிராளிக்கு 15 நாள். அதுவும் போனால் புகார் தாக்கல் செய்ய உங்களுக்கு ஒரு மாதம். மூன்றிலும் 'வேலை நாள்' என்ற பேச்சே கிடையாது. ஞாயிறு, பண்டிகை, வங்கி விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். ஆபீஸ் பழக்கத்தில் விடுமுறையைக் கழித்து எண்ணினால் கெடு தாண்டிப்போகும்.

எண்ணும் விதி இதுதான்: சம்பவம் நடந்த நாளை விட்டுவிடுங்கள், மறுநாளை 1 என்று தொடங்குங்கள், கடைசி நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999-இல் சாகேத் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த முறையை, 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்தது.

தேதி போட்டுப் பார்ப்போம். செக் திரும்பியதாக வங்கி தரும் சீட்டான ரிட்டர்ன் மெமோ 2025 மார்ச் 3 அன்று கையில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4 முதல் நாள். மார்ச் முடியும்போது 28 ஆகியிருக்கும். ஏப்ரல் 2 முப்பதாம் நாள். அதற்குள் நோட்டீஸ் தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். மார்ச் 20 அன்று அனுப்பி, மார்ச் 24 அன்று எதிராளி கையெழுத்திட்டு வாங்கினார் என்றால், மார்ச் 25 முதல் நாள், ஏப்ரல் 8 பதினைந்தாம் நாள். நடுவில் இரண்டு ஞாயிறும் ரம்ஜானும் வருகின்றன. எதையும் கழிக்கக் கூடாது. 8-ஆம் தேதி முழுவதும் அவருக்குரியது. பணம் வராவிட்டால் வழக்குக்கான காரணம் ஏப்ரல் 9 அன்று பிறக்கிறது. அந்த நாளை விட்டு ஒரு மாதம், அதாவது மே 9 வரை புகார் தாக்கல் செய்யலாம்.

இங்கே ஒரு மாதம் என்பது 30 நாள் அல்ல, காலண்டர் மாதம். அடுத்த மாதத்தில் அதே தேதி வரை. அதே தேதி இல்லாத மாதமானால் அந்த மாதத்தின் கடைசி நாள்: ஜனவரி 31-க்கு சாதாரண ஆண்டில் பிப்ரவரி 28. முதல் கெடு நாள் கணக்கில், மூன்றாவது கெடு மாதக் கணக்கில் என்பதால் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

விடுமுறை உதவும் இடம் ஒன்றுதான். புகாரின் கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். மேலே சொன்ன நோட்டீஸ் ஒரு நாள் தள்ளி, மார்ச் 25 அன்று கிடைத்திருந்தால் கடைசி நாள் மே 10, இரண்டாம் சனி. நீதிமன்றம் அன்று மூடியிருந்தால் திங்கள், மே 12 வரை நேரமுண்டு. நோட்டீஸுக்கு இந்தச் சலுகையை நம்பாதீர்கள். 30-ஆம் நாள் ஞாயிறென்றால் சனிக்கிழமையே தபாலில் சேருங்கள்.

அவசரமும் ஆபத்து. 15 நாள் முடியுமுன் போட்ட புகார் செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே எதிராளிக்கு நோட்டீஸ் கிடைத்த தேதியைத் தபால் கண்காணிப்பு விவரத்தை அச்செடுத்தும், ஒப்புகை அட்டையை வைத்தும் உறுதிசெய்த பிறகே எண்ணத் தொடங்குங்கள். வாங்க மறுத்துத் திரும்பிய உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், அது சாட்சியாகும். முதல் கெடுவுக்கும் ஒரு எச்சரிக்கை: சட்டப்படி தகவல் கிடைத்த நாள்தான் தொடக்கம் என்றாலும், மெமோவில் உள்ள தேதியிலிருந்தே எண்ணுங்கள். கைக்கு வந்த நாள் எது என்ற வாதமே எழாது.

புகாருக்கான ஒரு மாதம் தவறினால், தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். 2002 திருத்தம் அதற்கு இடம் தந்தது. நோட்டீஸின் 30 நாளுக்கு அந்த வழி இல்லை. ஆனால் செக்கின் மூன்று மாதச் செல்லுபடிக் காலம் மிச்சமிருந்தால், மீண்டும் வங்கியில் போடுங்கள். மறுபடி திரும்பினால், புது மெமோவிலிருந்து புதிதாக 30 நாள் தொடங்கும்.