காந்த நானோதுகள் வைரஸ் பரிசோதனை: மலை லேப்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் லேப்காரர் மனதில் ஒரு பட்டியலே ஓடும். டெங்கு, இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா. காட்டோரத்தில் குடியிருப்பவர் என்றால் உண்ணி கடித்து வரும் குரங்குக் காய்ச்சல். மலப்புரத்தில் நிபா என்று செய்தி வந்துவிட்டால் நாடுகாணி சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்க்க ஆள் நிறுத்திவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் அரை மணி நேரத்தில் விடை சொல்லும் கருவி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வைரஸை மிக நுண்ணிய காந்தத் துகள்களில் பிடித்து அளக்கும் காந்த நானோதுகள் பயோசென்சர்களைப் பற்றி இவ்வளவு பேச்சு அதனால்தான். ஆனால் இதில் சென்சர் சொதப்புவது குறைவு. சாம்பிள் காந்தத்தின் பக்கம் வருவதற்கு முன்பே பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும்.

துகள்தான் வைரஸைக் கண்டுபிடிக்கிறது என்று நம்புவதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. துகள் வெறும் இரும்பு ஆக்சைடு, பெரும்பாலும் மேக்னடைட். அதன் மேல் ஒட்டிவைத்த ஆன்டிபாடிதான் (குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம்) வைரஸைப் பிடிக்கிறது. ஆன்டிபாடி மட்டமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சென்சரும் வீண்தான். சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே போகும்போது இந்தத் துகளுக்கு ஒரு குணம் வருகிறது: காந்தம் அருகில் இருக்கும்வரை இழுபடும், எடுத்ததும் காந்தத்தன்மை மிச்சமில்லாமல் மறுபடி பிரிந்து மிதக்கும். ரத்தத்திலோ தொண்டைச் சளியிலோ கொஞ்சமாக இருக்கும் வைரஸை ஓரிடத்தில் திரட்ட இது உதவுகிறது. ரத்தத்துக்கென்று சொல்லும்படியான காந்த சிக்னல் கிடையாது என்பதால், சீரம் கலங்கியிருந்தாலும் சிவந்திருந்தாலும் காந்த ரீடருக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. ஒளியை வைத்து அளக்கும் முறைகளுக்கு இந்த வசதி கிடையாது.

துகள்களை எண்ணும் சில சிப்கள் ஜி.எம்.ஆர். என்ற விளைவில் (காந்தப் புலம் பட்டால் மின்தடை பெரிதாக மாறுவது) இயங்குகின்றன. 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டது, 2007-ல் இயற்பியல் நோபல் வாங்கித் தந்தது, ஹார்ட் டிஸ்க்குகளில் பயன்பட்டது. வைரஸ் பரிசோதனையில் இந்த சிப்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டத்தைத் தாண்டவில்லை. லேப்களில் தினமும் புழங்குவது ஆர்டி-பிசிஆருக்காக வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் காந்த பீட்ஸ், அதாவது காந்தத்தில் ஒட்டும் சிறு மணிகள். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இரண்டுக்கும் பொது.

மலையில் அதிகம் நடப்பது குளிர் சம்பந்தப்பட்ட தவறு. "குளிராக இருந்தால் கெடாது" என்ற நினைப்பு எல்லோருக்கும் உண்டு. பீட்ஸ் பாட்டிலில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால் அந்த 2-க்கும் அர்த்தம் இருக்கிறது. உறைந்தால் பனிப்படிகங்கள் துகள்களை ஒன்றோடொன்று நெருக்கிவிடும், மேற்பூச்சும் சேதமாகும். உருக்கி எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது. மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி கொட்டும்போது இரவெல்லாம் வண்டியிலேயே கிடந்த பெட்டி, ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த பாட்டில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஐஸ் பேக்கை அடுக்கிய கேரியர் எல்லாமே ஆபத்துதான். ஐஸ் பேக்கைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை வெளியே வைக்க வேண்டும் என்று தடுப்பூசி போடும் நர்ஸைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். லேப் பக்கம் மட்டும் அந்தப் பழக்கம் ஏனோ வரவில்லை. சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். சீராகப் பரவாமல் கட்டி கட்டியாக நின்றால் அந்த பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அறை வெப்பநிலைக்கும் இது பொருந்தும். கிட் தாளில் அறை வெப்பநிலை என்றால் வழக்கமாக 15 முதல் 30 டிகிரி. ஊட்டியில் ஜனவரி காலையில் லேப் அறை 10 டிகிரியைத் தொட்டாலே பெரிய விஷயம். அந்தக் குளிரில் ஆன்டிபாடி மெதுவாகத்தான் பிடிக்கும், கோடு காட்டும் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் திரவமும் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தை மனக்கணக்கில் 25 ஆக்குவது தீர்வில்லை. நேரத்தைக் கூட்டினால் சில ஸ்ட்ரிப்களில் இல்லாத கோடும் தெரியும். சின்ன இன்குபேட்டர் ஒன்றை வைத்து வெப்பத்தைச் சரி செய்யுங்கள், நேரத்தில் கை வைக்காதீர்கள். தேவாலா மழையில் பையைப் பிரித்து ஸ்ட்ரிப்பை மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் வேண்டாம், ஈரம் ஏறிவிடும்.

உயரத்தை யாரும் நினைப்பதே இல்லை. ஊட்டி சுமார் 2240 மீட்டர். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். "95 டிகிரியில் 5 நிமிடம்" என்ற படியைக் கொதிநீரில் செய்தால் 95 வரவே வராது. உலர் ஹீட் பிளாக் வேண்டும், குழாய் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஆட்டோகிளேவிலும் இதே கதை. அழுத்தமானி 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி இருக்காது, 117-ஐ ஒட்டித்தான் இருக்கும். வெப்பநிலையைப் பார்த்து ஓடும் மெஷினுக்குப் பிரச்சினை இல்லை, முள்ளைப் பார்த்து நேரம் எண்ணும் பழைய மெஷினுக்குத்தான். கொடைக்கானலுக்கும் இது பொருந்தும். கிட் தாள் எழுதியவர் கல்லட்டி மலைப்பாதை ஏறி வந்து எழுதவில்லை.

கைவேலைக்கு வருவோம். பீட்ஸ் அடியில் படியும். ஒவ்வொரு முறை பிப்பெட்டில் எடுக்கும் முன்பும் கலக்க வேண்டும். சளி கெட்டியான சாம்பிளில் துகள்கள் காந்தத்தின் பக்கம் வந்து சேர நேரம் பிடிக்கும், திரவம் தெளியாமல் உறிஞ்சினால் வைரஸும் சேர்ந்து குப்பைக்குப் போகும். எத்தனால் கழுவலுக்குப் பின் பீட்ஸைக் கவனியுங்கள்: ஈரமாக இருக்கும்வரை பளபளக்கும், பளபளப்பு அடங்கியதும் அடுத்த படிக்குப் போய்விடலாம். அதற்கு முன் போனால் மிச்ச எத்தனால் பிசிஆரைக் கெடுக்கும். மறந்து விட்டுவிட்டால் வறண்ட குளம் மாதிரி வெடித்துவிடும், ஆர்.என்.ஏ. சரியாக வெளியே வராது. அப்புறம் ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம்: வைரஸை உடைக்கும் கரைசலான லைசிஸ் பஃபரில் குவானிடின் தயோசயனேட் இருந்தால் அந்தக் கழிவில் ப்ளீச் ஊற்றக் கூடாது. நச்சு வாயு வரும்.

ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு: இ.டி.சி. என்ற இணைப்பு ரசாயனத்தை வைத்து ஆன்டிபாடியைத் துகளில் ஒட்டும்போது ட்ரிஸ் பஃபர் ஆகாது. அதிலுள்ள அமீன், ஆன்டிபாடி சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுத்தமான பஃபர் கரைசலில் கிடைத்த உணர்திறனை ரத்தத்துக்கும் அப்படியே சொல்லாதீர்கள். சீரம் புரதங்கள் துகளைச் சுற்றிப் படிந்தால் கணக்கே மாறிவிடும்.

விடையைப் படிப்பதிலும் பொறி இருக்கிறது. ஒரே படியில் சாம்பிளையும் இரண்டு ஆன்டிபாடிகளையும் கலக்கும் முறையில், ஆன்டிஜென் (ஆன்டிபாடி பிடிக்கும் வைரஸ் புரதம்) அளவுக்கு மீறி இருந்தால் சிக்னல் ஏறாமல் இறங்கும். ஆன்டிஜென் இரண்டு பக்க ஆன்டிபாடிகளையும் தனித்தனியாக நிரப்பிவிடும், நடுவில் பாலம் உருவாகாது. நோயாளி துவண்டு கிடக்கிறார், ரிசல்ட் மட்டும் நெகட்டிவுக்கு அருகில் நிற்கிறது என்றால் சாம்பிளைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். சிக்னல் குறைவதற்குப் பதில் கூடினால் விஷயம் புரிந்துவிடும்.

நாள் கணக்கும் முக்கியம். டெங்கு வைரஸின் புரதமான என்.எஸ்.1 காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாளுக்குள் பார்க்க வேண்டியது, அதற்குப் பின் உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி. குரங்குக் காய்ச்சல் வைரஸ், 1957-ல் ஷிமோகா காட்டில் அடையாளம் காணப்பட்டது, டெங்குவின் அதே ஃபிளாவிவைரஸ் குடும்பம். இந்தக் குடும்பத்து ஆன்டிபாடிகள் ஒன்றுக்கொன்று குறுக்கே வரலாம் என்பதால் ஐ.ஜி.எம். பாசிட்டிவ் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. குரங்குக் காய்ச்சல், நிபா என்று சந்தேகம் இருந்தால் விரைவுப் பரிசோதனைதானே என்று சாதாரண மேசையில் சாம்பிளைத் திறக்காதீர்கள். மாவட்டச் சுகாதாரத் துறைக்குச் சொல்லி, மூன்றடுக்குப் பேக்கிங்கில் அனுப்ப வேண்டிய சாம்பிள் அது.

எல்லா வைரஸும் நெகட்டிவ் என்றால் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவது இன்னும் மோசம். எஸ்டேட், புதர், காட்டோரம் என்று புழங்குபவருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் இருக்கலாம். அது பாக்டீரியா, வைரஸ் சென்சர் கண்ணில் படவே படாது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் கருகிய பொருக்கு இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தால், டாக்ஸிசைக்ளினில் தீரக்கூடிய நோய். அதனால் சாம்பிள் சீட்டில் பெயர், வயதோடு நிறுத்தாமல் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் எங்கே வேலை செய்கிறார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரி இல்லாத சீட்டைத் திருப்பி அனுப்பினால் வார்டில் கோபப்படுவார்கள், பரவாயில்லை.