மனு எந்த மேசைக்குப் போக வேண்டும்: டெல்டா மாவட்டங்களில் மருத்துவமனை, காப்பகம், சாய்தளம் குறித்துப் புகார் செய்யும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு, மருத்துவமனையில் சக்கர நாற்காலி ஏற வழியில்லை என்றும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் மதியத்துக்கு மேல் இருப்பதில்லை என்றும் எழுதிய மனுக்களோடு பலர் வருகிறார்கள். அவற்றில் பல மனுக்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறிக்கொண்டே இருந்து, கடைசியில் ‘முடித்து வைக்கப்பட்டது’ என்ற குறிப்போடு திரும்புகின்றன. குறை உண்மையானதாக இருந்தும் மனு தோற்பதற்கு நான் பார்த்த வரையில் இரண்டு காரணங்கள்தான் உள்ளன: பொறுப்பு அதிகாரி யார் என்பது மனுவில் இல்லை, சரிபார்க்கத்தக்க அளவு எதுவும் மனுவில் இல்லை.

முதலில் பொறுப்பைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். கிராமத்துத் துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும், நீண்ட காலம் துணை இயக்குநர் என்று அழைக்கப்பட்டு இப்போது மாவட்ட சுகாதார அலுவலர் எனப்படும் அதிகாரியின் கீழ் வருகின்றன. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரின் பொறுப்பு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அதோடு இணைந்த இராசா மிராசுதார் மருத்துவமனையும், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் அந்தந்தக் கல்லூரி டீனின் நிர்வாகத்தில் உள்ளன. ஆக, இராசா மிராசுதாரில் பிரசவத்துக்குப் போனவர் இணை இயக்குநருக்கு எழுதினால், அவர் டீனுக்கு அனுப்பி வைப்பதிலேயே சில வாரங்கள் போய்விடும். அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, உதவி உபகரணங்கள் ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும், பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவருக்கு ஜீவனாம்சம் கேட்பதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயமாக அமரும் வருவாய்க் கோட்டாட்சியரையும் அணுக வேண்டும். மனு ஆட்சியர் பெயருக்கே இருக்கலாம். ஆனால் ‘வழியாக’ என்ற இடத்தில் உரிய அதிகாரியின் பதவி இருந்தால், மனுவைப் பதிவு செய்பவர் யோசிக்காமல் அதை அந்தத் துறைக்கே அனுப்புவார்.

அடுத்தது அளவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 25ஆம் பிரிவு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் செல்லும் வசதியும், சிகிச்சையில் முன்னுரிமையும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வசதியில் முதலில் கண்ணில் படுவது வாசலில் இருக்கும் சாய்தளம். மழைநீர் உள்ளே ஏறிவிடக் கூடாது என்பதற்காக நம் பகுதியில் பொதுக் கட்டடங்களின் அடித்தளத்தை இரண்டரை, மூன்று அடி உயர்த்திக் கட்டுவது வழக்கம், அது தேவையானதும்கூட. ஆனால் சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் இரண்டரை அடி உயரத்துக்கு முப்பது அடி நீளம் வேண்டும். வாசலுக்கு முன்னால் அவ்வளவு இடம் இல்லை என்று சொல்லி, பன்னிரண்டு அடியிலேயே சிமெண்டைச் சரித்து முடித்துவிடுகிறார்கள். இது சக்கர நாற்காலி ஏறுவதற்குரிய சரிவு அல்ல. தள்ளுபவரின் கை நழுவினால் நாற்காலியில் இருப்பவர் பின்னோக்கி விழும் சரிவு.

இதை நான் என் தாயாரை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவரை மாதந்தோறும் இரத்த அழுத்த மாத்திரைக்காக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது, இரண்டு பேர் பிடித்துத்தான் நாற்காலியை மேலே ஏற்ற முடிந்தது. ‘சாய்தளம் சரியில்லை, ஆவன செய்யவும்’ என்று எழுதிக் கொடுத்த முதல் மனுவுக்கு, ‘சாய்தளம் ஏற்கெனவே உள்ளது’ என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. பிறகு தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய், தரையிலிருந்து தாழ்வாரம் வரை உயரம் 75 செ.மீ., சாய்தளத்தின் கிடைநீளம் 360 செ.மீ. என்று அளந்து, இருக்க வேண்டிய நீளம் 900 செ.மீ. என்பதையும் சேர்த்து இரண்டாவது மனுவை எழுதினேன். அளவு நாடா தெரியும்படி எடுத்த இரண்டு புகைப்படங்களையும் இணைத்தேன். இந்த முறை பொறியாளர் நேரில் வந்து அளந்தார். ஏழு மாதம் கழித்து, கட்டடத்தின் பக்கச் சுவரை ஒட்டி, நடுவில் ஒரு சமதளத் திருப்பத்தோடும் இருபுறமும் கைப்பிடியோடும் புதிய சாய்தளம் கட்டப்பட்டது. நேராக நீட்ட இடமில்லாத வாசலில் இப்படி மடக்கிக் கட்டலாம் என்பதை மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சாய்தளத்தோடு நின்றுவிடாதீர்கள். கதவின் அகலம் 90 செ.மீ. இருக்கிறதா, மருந்து வழங்கும் சாளரம் நாற்காலியில் அமர்ந்தவரின் கைக்கு எட்டுகிறதா, மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை திறந்திருக்கிறதா என்பவற்றையும் ஒரே வருகையில் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கச் சொன்னால் உள்ளே துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் இருக்கும். பூட்டியிருந்த தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் வராதது, மருந்து இல்லாதது போன்ற குறைகளுக்கும் இதே முறைதான்: ‘எப்போது போனாலும் மருத்துவர் இல்லை’ என்ற வாக்கியத்தை விட, மூன்று தேதிகளும் மூன்று நேரங்களும் அன்றைய புறநோயாளிச் சீட்டின் நகல்களும் அதிகம் பேசும். பணியாளர்களைத் திட்டி எழுத வேண்டாம். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை அங்கே ஒரே செவிலியர் பார்த்துக்கொண்டிருக்கலாம். மனுவின் நோக்கம் காலியிடத்தை நிரப்பச் செய்வதே தவிர, இருப்பவரைக் காயப்படுத்துவது அல்ல.

மனுவைக் கொடுத்தவுடன் மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் வெளியே வரக் கூடாது. நேரில் போக இயலாதவர் 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குத் தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். அதற்கும் எண் தருவார்கள். ‘மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது’ என்ற பதிலை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு மாதம் கடந்தும் அசைவு இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஐப் பயன்படுத்த வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். இங்கே பலர் தவறுவது கேள்வி அமைப்பதில்தான். ‘ஏன் கட்டவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று ஒதுக்கிவிட முடியும். ‘என் மனுவின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல், கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு எந்தத் துறையிடம் உள்ளது என்பதைக் காட்டும் ஆவணம், சாய்தளத்துக்குத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டின் நகல்’ என்று ஆவணங்களையே கேளுங்கள். கோப்பையும் பணியையும் நேரில் பார்வையிடும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு.

மாவட்டத்தில் வழி அடைபட்டால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். விசாரணையின்போது சாட்சியை அழைக்கவும் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் ஒரு பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தாலும் அதே காலத்துக்குள் காரணத்தை அவருக்கும் முறையிட்டவருக்கும் சொல்லியாக வேண்டும். அணுகல்தன்மையின், அதாவது மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்கும் வசதியின், அளவுகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைக்காமல் கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் முறையீட்டில் குறிப்பிடலாம். வழக்கறிஞர் வேண்டுமென்றால், வருமான வரம்பு பார்க்காமலே மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் கடமை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உண்டு.

தனியார் மருத்துவமனை, மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அதன் மீதான புகாரை இணை இயக்குநரிடம் தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளைத் தங்கவைக்கும் காப்பகத்துக்கும் பதிவுச் சான்று கட்டாயம். உங்கள் வீட்டுப் பிள்ளையையோ பெரியவரையோ ஒரு காப்பகத்தில் சேர்க்கும் முன், பதிவுச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று மூன்றையும் கேட்டு வாங்கி, அவை எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். இரவில் வெளிக்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பகுதி இது. இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு இங்கே யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் பகுதிக்கென்று இன்னொரு வேலையும் இருக்கிறது. இதை மனுவுக்காகக் காத்திருக்காமல் முன்கூட்டியே செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த இரவையும், மேட்டூரில் உபரி நீர் திறக்கும்போதெல்லாம் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்ற கொள்ளிடக் கரைக் கிராமங்கள் வீட்டைக் காலி செய்வதையும் அறிந்தவர்களுக்கு இந்தப் பதிவேட்டின் அருமை தெரியும். நடக்க முடியாதவரை யார் தூக்கிவர வேண்டும், காது கேளாதவருக்கு எச்சரிக்கையை யார் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், வெள்ளம் வந்த பின் தேடிக்கொண்டிருக்க நேரிடும். ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊராட்சிக்கான பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். விடுபட்டவர்களின் பெயர், தெரு, குறைபாட்டின் வகை, தூக்கிச் செல்ல எத்தனை பேர் தேவை ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, அதையே தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளத்தின்போது மக்களைத் தங்கவைக்கும் பாதுகாப்பு மையத்தின் வாசலையும் அதே வாரத்தில் போய் அளந்துவிட்டால், ஐப்பசி மழைக்கு முன் சாய்தளத்தைச் சரிசெய்யக் கேட்பதற்கு இரண்டு மாதம் கையில் இருக்கும்.