இருவர் சேர்ந்து எழுதும் திகில் நாவலின் இரண்டாம் பாகம்: வாசகரை ஏமாற்றும் தவறுகள்

ஒரு திகில் நாவலில் மாடிப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுச் சிறுமி ஏறும்போது எண்ணினால் பதின்மூன்று படிகள். இறங்கும்போது எண்ணினால் பதினான்கு. நாவல் முடியும்வரை அந்தப் பதினான்காம் படியைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகும் வாசகர், தம்மையறியாமல் தம் வீட்டுப் படிகளை எண்ணத் தொடங்குகிறார். சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் பாகம் வெளியாகிறது. அட்டையில் இப்போது இரண்டு பெயர்கள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு பேராசிரியர் வந்து, வீடு கட்டப்பட்ட காலத்தில் அஸ்திவாரத்தில் புதைக்கப்பட்ட கொத்தனாரின் ஆவிதான் அந்தப் பதினான்காம் படி என்று மூன்று பக்கங்களுக்கு விளக்குகிறார். அதன்பின் அது வெறும் படிதான்.

இது நான் புனைந்த உதாரணம். ஆனால் திகில் நாவல்களின் தொடர்ச்சிகளைத் தேடிப் படித்து ஏமாந்தவர்கள் எவருக்கும் இந்தப் பேராசிரியரை அடையாளம் தெரியும். விளக்கம் திகிலைக் கொல்லும் என்பது பழைய செய்திதான். இருவர் சேர்ந்து எழுதும்போது இந்தத் தவறு ஏன் அதிகம் நேர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தனியாக எழுதுபவர் தமக்கே விடை தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு எழுதிவிட முடியும். அந்தப் படி என்னவென்று அவரைக் கேட்க அறையில் ஆள் இல்லை. இருவர் எழுதும்போது, அடுத்த அத்தியாயத்தை எழுத வேண்டியவர் கட்டாயம் கேட்பார், மற்றவர் ஏதேனும் ஒரு பதிலைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன பதில் திட்டக் குறிப்பில் ஏறுகிறது, குறிப்பில் ஏறியது கைப்பிரதிக்குள் நுழைந்துவிடுகிறது. இருவர் ஒருவருக்கொருவர் தெளிவாக இருப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, வாசகரின் இருட்டில் விளக்கை ஏற்றிவிடுகிறது.

ஆகவே தவிர்க்க வேண்டிய முதல் தவறு, எழுத்தாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டதையெல்லாம் வாசகரிடமும் பேசித் தீர்ப்பது. பேசாமல் இருக்க முடியாது என்பது உண்மை. பேசியதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும். குறிப்பேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு விடைக்கும் எதிரே, கதைக்குள் இது யாருக்குத் தெரியும் என்று ஒரு பெயரை எழுதிவைக்கலாம். யாருடைய பெயரையும் எழுத முடியாத விடை நாவலுக்குள் வரக்கூடாது. இன்னும் துணிந்த வழி ஒன்று உண்டு: மையமான ஒரே ஒரு மர்மத்துக்கு மட்டும் இருவரும் தத்தம் மனத்தில் வெவ்வேறு விடையை வைத்துக்கொண்டு, ஒருவர் விடையை மற்றவரிடம் சொல்லாமலே எழுதுவது. அப்போது அந்த மர்மத்தைச் சுற்றி இயல்பாகவே ஒரு நடுக்கம் நிற்கும், ஏனென்றால் எழுதுகிறவர்களுக்கே அது முழுதாகக் கையில் அகப்பட்டிருக்காது.

இரண்டாவது தவறு, முதல் நாவல் எதைச் சொன்னது என்பதை மட்டும் பார்த்து, எப்படிச் சொன்னது என்பதை விட்டுவிடுவது. இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் டிராகுலா. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட அந்த நாவல் முழுவதும் நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள் ஆகியவற்றால் ஆனது. அதில் ஜோனதன் ஹார்க்கர் எழுதுகிறார், அவரை மணக்கும் மினா எழுதுகிறாள், மருத்துவர் சீவர்ட் ஃபோனோகிராஃப் கருவியில் பேசிப் பதிகிறார். தம் பக்கத்துக் கதையை எழுதிவைக்காதவர் டிராகுலா. தொடக்கத்தில் கோட்டையில் நடக்கும் அத்தியாயங்களுக்குப் பிறகு அவர் நேரில் தோன்றும் இடங்களும் குறைவு. பிறர் எழுதிய தாள்களின் இடைவெளிகளில்தான் அவர் நடமாடுகிறார் என்பதால், அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று வாசகருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

பிராம் ஸ்டோக்கரின் வழித்தோன்றல் உறவினரான டேக்கர் ஸ்டோக்கரும் திரைக்கதை எழுதுபவரான இயன் ஹோல்ட்டும் சேர்ந்து எழுதி 2009இல் வெளியான தொடர்ச்சி, பிராம் ஸ்டோக்கர் விட்டுச்சென்ற குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டது என்ற பெருமையோடு வந்தது. கதை 1912இல் நடக்கிறது. ஹார்க்கர் தம்பதியின் மகன் குவின்சி வளர்ந்து இளைஞனாகியிருக்கிறான். உழைப்பு இல்லாத புத்தகம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் மூல நாவலின் நாட்குறிப்பு வடிவம் பெரும்பாலும் கைவிடப்பட்டு, யார் மனத்துக்குள்ளும் நுழைந்து பார்க்கும் படர்க்கைக் கதைசொல்லி வந்துவிட்டார். டிராகுலாவுக்கும் மினாவுக்கும் இடையே காதல் இருந்ததாகக் கதை மாற்றப்பட்டது. மூல நாவலில் மினாவை வலிந்து பிடித்துத் தன் மார்பிலிருந்து இரத்தம் குடிக்கவைக்கும் காட்சியைப் படித்துக் கூசிப்போன வாசகர், அதே இரவைக் காதல் இரவாக ஏற்றுக்கொள்ள மறுப்பதில் வியப்பில்லை. கொடியவர் நல்லவராகிவிட்டால் கொடியவரின் இருக்கை காலியாகிவிடுமே. அதில், இளம்பெண்கள் பலரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1614இல் இறந்த எலிசபெத் பாத்தரி என்னும் வரலாற்றுச் சீமாட்டி அமர்த்தப்பட்டாள். லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் 1888இல் நடந்த ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளும் கதைக்குள் இழுக்கப்பட்டன. பிராம் ஸ்டோக்கரே ஒரு பாத்திரமாக வருகிறார்.

இங்கே கூட்டு எழுத்துக்கே உரிய ஒரு நோயைக் காண்கிறேன். இரண்டு பேர் உட்கார்ந்து யோசிக்கும்போது, ஒருவர் சொன்ன யோசனையை மற்றவர் மறுப்பதைவிட, அதன்மேல் இன்னொரு யோசனையை அடுக்குவது எளிது, அதுதான் நட்புக்கும் நல்லது. பாத்தரி வரட்டும், ரிப்பரும் வரட்டும், மூல ஆசிரியரும் வரட்டும் என்று அந்த அறையில்தான் முடிவானதா என்பது எனக்குத் தெரியாது. புத்தகத்தின் பக்கங்களில் தெரிவது அந்தக் குவியல்தான். தனி எழுத்தாளரிடம் மறுநாள் காலையில் தன் யோசனையைத் தானே வெட்டும் ஒரு முரட்டுத்தனம் இருக்கும். கூட்டு எழுத்தில் அந்த வேலையை இருவரில் ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்து, அவர் வெட்டினால் மற்றவர் கோபித்துக்கொள்வதில்லை என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

நடை ஒட்டாமல் போவதைப் பற்றி வாசகர்கள் அதிகம் குறைசொல்வார்கள். இதை யார் எழுதினார், அதை யார் எழுதினார் என்று ஊகிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டும்கூட. வாக்கிய நீளம் மாறுவதோ வருணனை கூடுவதோ குறைவதோ அவ்வளவு பெரிய குற்றமல்ல. சிறிய சொற்களில் தெரியும் தையல்தான் உண்மையில் நாவலைக் கெடுக்கிறது. தமிழில் எழுதுபவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் தம் அத்தியாயத்தில், ‘அது கதவருகே நின்றது’ என்று எழுதுகிறார். அடுத்த அத்தியாயத்தை எழுதுபவர், ‘அவள் கதவருகே நின்றாள்’ என்று தொடர்கிறார். இருவரும் குறிப்பது ஒரே உருவத்தைத்தான். ஆனால் ‘அது’ என்பது ‘அவள்’ ஆகும் கணம் ஒரு திகில் நாவலில் சாதாரணமானதல்ல. எதிரே நிற்பதை மனித உயிராக ஒருவன் ஒப்புக்கொள்ளும் கணம் அது. நூறு பக்கங்கள் காத்திருந்து ஒரே ஒருமுறை செலவழிக்க வேண்டிய காசு. அதைக் கவனமின்மையால் மூன்றாம் அத்தியாயத்திலேயே சில்லறையாக மாற்றிவிட்டால், பின்னால் வாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது. யார் யாரை அவன், அவர், அது என்று குறிக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் அது மாறுகிறது என்பதற்கு ஒரு தனிப் பட்டியலே வேண்டும். கதைச்சுருக்கத்தைவிட அந்தப் பட்டியல் முக்கியமானது என்பது என் துணிபு.

நடையைப் பொறுத்தவரை, தேர்ந்தவர்கள் தையலை மறைப்பது சாத்தியமே. அமெரிக்கத் திகில் எழுத்தாளர்களான ஸ்டீபன் கிங்கும் பீட்டர் ஸ்ட்ராபும் சேர்ந்து எழுதி 1984இல் வெளியிட்ட ‘தி டாலிஸ்மன்’ நாவலில், வாசகரைக் குழப்புவதற்காகவே ஒருவர் நடையை மற்றவர் ஆங்காங்கே வேண்டுமென்றே போலச்செய்ததாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாவலின் தொடர்ச்சியான ‘பிளாக் ஹவுஸ்’ 2001இல், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியானது. அதன் தொடக்கத்தில் கதைசொல்லி ஒரு பறவையைப் போல விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின்மேல் பறந்து, வீடு வீடாகக் காட்டிக்கொண்டு போகிறார். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மையில் பேசுகிறார். தமிழில் அதை நினைத்துப் பார்க்கையில் ஒரு கேள்வி எழுகிறது: அது ‘நாங்கள்’ஆ, ‘நாம்’ஆ? எழுதிய இருவர் மட்டும் என்றால் ‘நாங்கள்’. வாசகரையும் கைப்பிடித்து அழைத்துப் போகிறார்கள் என்றால் ‘நாம்’. அந்தப் பக்கங்கள் ‘நாம்’ என்றுதான் என் காதில் விழுகின்றன, அதனால் எனக்கு அவை பிடிக்கும். நிதானமான அந்தப் பறத்தலில் பொறுமையிழந்து புத்தகத்தைக் கீழே வைத்தவர்கள் பலர் என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் ‘பிளாக் ஹவுஸ்’ பலருக்குத் தந்த ஏமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. முதல் நாவலில் ஜாக் சாயர் பன்னிரண்டு வயதுச் சிறுவன். இறந்துகொண்டிருக்கும் தாயைக் காப்பாற்ற அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை, இவ்வுலகத்துக்கும் இணையுலகம் ஒன்றுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டு பயணம் செய்கிறான். இரண்டாம் நாவலில் அவன் இளம் வயதிலேயே ஓய்வுபெற்ற கொலைத்துப்பறியும் அதிகாரி. சிறுவயதில் நடந்தவற்றையெல்லாம் மனத்தின் அடியில் அமுக்கிவைத்திருக்கிறான். பயணக் கதை ஓரிடத்தில் நிலைகொண்ட கொலை விசாரணையாகிறது. இதை நான் தவறாகக் கருதவில்லை, ஏனென்றால் தப்பிப் பிழைத்தவனைக் காலம் என்ன செய்தது என்று கேட்பதுதான் ஒரு தொடர்ச்சிக்கு நியாயமான காரணம். பதினான்காம் படி எது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிறுமி வளர்ந்து, இருபது ஆண்டுகளாகத் தரைத்தளத்தைத் தவிர வேறெங்கும் வீடு பார்த்ததில்லை என்று ஒரே வரியில் சொன்னால் போதும்.

சிக்கல், அந்தச் சிற்றூரில் காணாமற்போகும் குழந்தைகளின் பின்னால் இருக்கும் தீய சக்தி, கிங் தனியாக எழுதிவந்த ‘தி டார்க் டவர்’ நாவல் வரிசையில் வரும் ‘கிரிம்சன் கிங்’ என்னும் கொடிய பாத்திரம் என்று தெரியவரும்போது தொடங்குகிறது. அந்த வரிசையில் 1982 முதல் 1997 வரை நான்கு பாகங்கள்தான் அப்போது வந்திருந்தன. வரிசை 2004இல்தான் முடிவுற்றது. ஆக, ஒரு நாவலின் தொடர்ச்சி என்று நம்பி வாங்கிய வாசகர், இருவரில் ஒருவருடைய, அதுவும் இன்னும் முடியாத வேறொரு வரிசையின் கிளைக்கதைக்குள் தாம் நிற்பதை உணர்ந்தார். அந்த வரிசையைப் படித்தவர்களுக்கு அது விருந்து; படிக்காதவர்களுக்கு, தங்களுக்கு அறிமுகமில்லாத வீட்டுக் கல்யாணம். இருவருக்கும் பொதுவான உலகத்தில் ஒருவரின் சொந்த உலகத்தைக் கொண்டுவந்து குடிவைப்பது, கூட்டு எழுத்தின் சமநிலையைக் குலைக்கும் என்பதை இங்கே கவனிக்கலாம்.

முதல் பாகத்தில் பிழைத்தவர்களை இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே கொன்றுவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. 2009ஆம் ஆண்டின் டிராகுலா தொடர்ச்சியில் மருத்துவர் சீவர்ட் தொடக்கப் பகுதியிலேயே இறந்துபோகிறார். ஆபத்து இப்போது பெரிதாகிவிட்டது என்று காட்ட எழுத்தாளர்களுக்கு இது எளிய வழி. ஆனால் முதல் நாவலில் அந்தப் பாத்திரம் பிழைக்குமா என்று இரவெல்லாம் பதைத்த வாசகருக்கு, அந்தப் பதைப்புக்கு மதிப்பில்லை என்று சொல்வதைப் போலாகிறது. கொல்லத்தான் வேண்டுமென்றால், அந்தப் பாத்திரம் மீண்டும் வாசகரின் மனத்தில் உட்காரும்வரையாவது பொறுத்திருக்க வேண்டும்.

முன்கதைச் சுருக்கத்தை உரையாடலில் திணிப்பது, அட்டையில் புகழ்பெற்றவர் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு மற்றவரை எழுதவிடுவது போன்றவற்றுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை; வாசகர்கள் முதல் சில அத்தியாயங்களிலேயே இவற்றைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியை மூன்றாவது ஆள் ஒருவர் படிக்க வேண்டும். அவர் முதல் நாவலை நன்கு படித்தவராகவும், இருவரும் பேசித் தீர்மானித்தவற்றில் ஒரு சொல்லையும் கேட்டிராதவராகவும் இருப்பது அவசியம். கதையைப் பற்றிக் கருத்து சொல்லும்படி அவரிடம் கேட்க வேண்டாம். பயம் எந்த வரியில் நின்றுபோனது என்று மட்டும் பென்சிலால் கோடிடச் சொன்னால் போதும். கோடு விழுந்த இடத்துக்கு மேலே இருக்கும் இரண்டு மூன்று பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே யாரோ ஒருவர் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருப்பார்.