சம்ப்பில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? நாமே கணக்கிடும் முறை

தண்ணீர் லாரிக்குச் சொல்லும் முன், வீட்டுச் சம்ப்பின் கொள்ளளவு தெரிந்திருக்க வேண்டும். கட்டியவர் வாய்க்கணக்காகச் சொன்னதை நம்பாமல், எங்கள் சம்ப்பை நானே அளந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

மூடியைத் திறந்து, எஃகு அளவுநாடாவை வாய்வழியே நீட்டி உட்புற நீள அகலங்களைச் செ.மீ.யில் குறித்துக்கொள்ளவும். மூடிக் கிடந்த சம்ப்புக்குள் பிராணவாயு குறைந்திருக்கக்கூடும் என்பதால் இறங்கி அளக்க வேண்டாம். ஆழத்தை மேல்தளம்வரை அளக்காமல், அடியிலிருந்து நீர் நிரம்பி நிற்கும் மட்டம்வரை மட்டும் ஒரு நீண்ட கழியால் அளக்கவும்.

எங்களுடையது 200 × 150 × 180. பெருக்கினால் 54,00,000 கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் என்பதால், 5,400 லிட்டர்.

இதையே கன மீட்டருக்கு மாற்றும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்ற பழக்கத்தில் நூறால் வகுத்தால் 54,000 கன மீட்டர் என்று வரும். 12,000 லிட்டர் லாரி கொண்டுவருவது 12 கன மீட்டர்தான். அப்படியானால் இந்தச் சம்ப்பை நிரப்ப 4,500 லாரிகள் வேண்டும்! நூறு என்பது நீளத்துக்கு மட்டுமே உரிய விகிதம். கன அளவில் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் அது தனித்தனியே பொருந்துவதால், 100 × 100 × 100, அதாவது 10,00,000ஆல் வகுக்க வேண்டும். விடை 5.4 கன மீட்டர்.

அலகு மாற்றும் செயலிகளைவிட எனக்குப் பிடித்தது டெசிமீட்டர், அதாவது 10 செ.மீ. பள்ளியோடு நாம் மறந்துவிட்ட அந்த அலகில் 20 × 15 × 18 என்று பெருக்கினால், ஒரு கன டெசிமீட்டர் ஒரு லிட்டர் என்பதால், வகுத்தலே இல்லாமல் 5,400 லிட்டர் கிடைத்துவிடும்.

மாடியில் உள்ள வட்டத் தொட்டிக்கு, விட்டத்தில் பாதியை அதே எண்ணால் பெருக்கி, 3.14ஆலும் உயரத்தாலும் பெருக்கவும். பாதியாக்க மறந்தால் விடை நான்கு மடங்காகிவிடும்.

பின்சேர்க்கை: குடிநீர்க் கட்டண ரசீதில் வரும் கிலோ லிட்டரைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அது 1,000 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டரேதான். தண்ணீர் மீட்டர் கருவியில் கன மீட்டர் என்றும் ரசீதில் கிலோ லிட்டர் என்றும் இருந்தால் எதையும் மாற்றாமல் நேரடியாக ஒப்பிடலாம்.