காடே இல்லாத ஊரில் சிறுத்தையா? அவசரத்தில் நாம் செய்கிற தவறுகள்

2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை நடமாடுகிறது என்று செய்தி வந்தபோது பலர் கேட்ட முதல் கேள்வி, "டெல்டாவில் ஏதுங்க காடு?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் சிசிடிவியில் உருவம் பதிவாகி, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, வனத்துறை கூண்டும் தானியங்கி கேமராவும் வைத்துத் தேடிக்கொண்டிருந்தபோதும் சிலர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், அந்த வாரம் தெருவில் ஓடிய நாய், பூனை எல்லாமே சிலருக்குச் சிறுத்தையாகத் தெரிந்தது. கொஞ்ச நாளில் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கமும் சிறுத்தை தென்பட்டது.

"காடு இல்லை, அதனால் சிறுத்தையும் இல்லை" என்று முடிவு கட்டுவதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு. புலிக்கு அது ஓரளவு பொருந்தலாம், சிறுத்தைக்குப் பொருந்தாது. மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டம் அகோலே பகுதி முழுக்கக் கரும்புக்காடும் வயலும் வீடுகளும்தான். அங்கே கேமரா வைத்துக் கணக்கெடுத்து 2013-இல் வெளியான ஆய்வில் நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சிறுத்தைகள் இருப்பது தெரிந்தது. அதே பகுதிச் சிறுத்தைகளின் மலத்தைச் சோதித்தபோது, அவை தின்ற இரையின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக நாய்தான் இருந்தது. ஒளிந்துகொள்ளக் கரும்பு, சாப்பிடத் தெருநாய், குடிக்க வாய்க்கால் தண்ணீர், வேறென்ன வேண்டும்? 2009-இல் அதே மாவட்டத்தில் ஒரு கிணற்றில் விழுந்த ஆண் சிறுத்தையை மீட்டு, ஜிபிஎஸ் பட்டை மாட்டி மால்ஷேஜ் கணவாயில் விட்டார்கள். அது ஒரு மாதத்துக்குள் சுமார் 120 கிலோமீட்டர் நடந்து, வழியில் ஊர்களையும் நெடுஞ்சாலையையும் கடந்து, மும்பையில் உள்ள தேசியப் பூங்காவுக்கே போய்ச் சேர்ந்தது. வழியில் யாரையும் தொடவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒன்று வந்துவிட்டது என்றதும் "இங்கேயே குட்டி போட்டுக் குடும்பமாக இருக்கிறது, அரசு மறைக்கிறது" என்று கிளம்பிவிடுவது. அமெரிக்காவில் 2011 மார்ச்சில் கிழக்குப் பகுதிப் பூமா (புள்ளியில்லாத, பெரிய காட்டுப் பூனை இனம்) அழிந்துவிட்டது என்று அந்நாட்டு மீன் மற்றும் வனவிலங்குத் துறை அறிவித்தது. மூன்றே மாதத்தில் கனெக்டிகட் மாநிலம் மில்ஃபோர்டில் கார் மோதி ஒரு பூமா செத்துக் கிடந்தது. "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னபோது நம்பவில்லையே" என்று ஊரே பேசியது. டிஎன்ஏ பார்த்தால் அது தெற்கு டகோட்டாவின் கருங்குன்றுப் பகுதியிலிருந்து 2,400 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து வந்த இளம் ஆண். அதாவது பூமா வந்தது உண்மை, ஆனால் அங்கே பூமாக்கள் வாழ்கின்றன என்பதற்கு அது சான்றே இல்லை. பார்த்தது உண்மையா, பார்த்தது எந்த விலங்கு, அது இங்கேயே வாழ்கிறதா என்று மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்ற இரண்டுக்கும் எழுதிவிடுகிறோம், பாதிச் சண்டை அதனால்தான்.

அப்புறம் இந்த அளவுப் பிரச்சினை. இருட்டில், தூரத்தில், பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாதபோது நம் கண் சொல்கிற அளவை நம்பவே கூடாது. 2012-இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் சிங்கம் உலாவுகிறது என்று போலீஸ் ஹெலிகாப்டர் வரை போனது, கடைசியில் அது யாரோ வளர்க்கும் பெரிய சாதிப் பூனையாக இருக்கலாம் என்றுதான் முடிந்தது. 2023 ஜூலையில் பெர்லினை ஒட்டிய கிளைன்மாக்னோவில் ஒரு வீடியோவை நம்பிப் பெண் சிங்கத்தைத் தேடினார்கள், மக்களை வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்றார்கள். முதுகு வளைவையும் காலையும் நிதானமாகப் பார்த்த நிபுணர்கள் அது காட்டுப்பன்றி என்றார்கள். ஆகவே வீடியோ கிடைத்தால் விலங்கை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள். அது கடந்துபோன மதில், கம்பம், பைக், எது கிடைத்தாலும் மறுநாள் பகலில் போய் அதன் உயரத்தை அளங்கள். வாலையும் பாருங்கள். சிறுத்தையின் வால் நீளமானது, உடல் நீளத்தில் பாதிக்கும் மேல் வரும். காட்டுப்பூனைக்கு வால் குட்டை, நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள் தெரியும். புள்ளி இருந்தாலே சிறுத்தை என்பதும் கிடையாது, புனுகுப்பூனைக்கும் புள்ளி உண்டு.

கால்தடத்தில்தான் நிறைய ஏமாற்றம். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் பொதுவாகத் தடத்தில் நகம் பதியாது, நாய்க்குப் பதியும். ஆனால் வழுக்குகிற சேற்றில் சிறுத்தையும் நகத்தை ஊன்றும், எனவே நகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பைப் பாருங்கள், பூனை இனத்துக்கு அங்கே மூன்று மடிப்பு தெரியும். ஈரமண்ணில் தடம் விரிந்து பெரிதாகத் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும். பக்கத்தில் ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்து, நேர் மேலிருந்து, ஒரு தடத்தை மட்டுமல்ல, வரிசையாக நாலைந்தையாவது படம் எடுங்கள். எடுத்ததும் ஒரு அன்னக்கூடையைக் கவிழ்த்து மூடி வையுங்கள். இதைச் செய்யாமல் ஊரே சுற்றி நின்று மிதித்துவிட்டு, வனக்காவலர் வந்ததும் "இங்கேதான் சார் இருந்தது" என்று கை காட்டுவது நடக்கிற கதைதான்.

ஆடு செத்துக் கிடந்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். கழுத்தில் பல் பதிந்திருக்கிறதா, இழுத்துப்போன தடம் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. தெருநாய்க் கூட்டம் கடித்தால் பெரும்பாலும் பின்தொடை, வயிறு என்று கண்ட இடத்தில் குதறியிருக்கும். காயத்தில் ஒட்டியிருக்கும் எச்சிலிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியும், அதற்கு யாரும் தொடாமல் இருக்க வேண்டும். இழப்பீடு கேட்பதாக இருந்தாலும் அதிகாரிகள் உடலைப் பார்த்தாக வேண்டும்.

சான்று கையில் இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடுவதும் தவறு. இங்கிலாந்தின் பாட்மின் பகுதியில் சிறுத்தை போன்ற பெரும்பூனை இருப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 1995-இல் அரசு அறிக்கை வந்தது. சில நாளிலேயே ஃபோவி ஆற்றில் ஒரு சிறுவனுக்குச் சிறுத்தை மண்டையோடு கிடைத்தது! லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆராய்ந்தது. சிறுத்தையுடையதுதான், ஆனால் உள்ளே வெப்பநாட்டுக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு இருந்தது, பின்பக்கம் தோல் விரிப்பு செய்கிறவர்கள் வெட்டுகிற மாதிரி வெட்டப்பட்டிருந்தது. யாரோ வீட்டு அலங்காரத் தோலோடு வெளிநாட்டிலிருந்து வந்த தலை அது.

ஃபார்வர்டு பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. வேறு மாநிலத்துப் பழைய வீடியோ, இப்போது ஏஐ படம். எடுத்தவர் யார், எந்த இடம், எத்தனை மணி என்று கேட்டுப் பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள்.

உண்மையிலேயே சிறுத்தை என்று தெரிந்துவிட்டால்? கூட்டம் போடுவதும், கம்போடு துரத்துவதும், செல்ஃபி எடுக்க நெருங்குவதும்தான் ஆபத்து. தப்பிக்க வழியில்லாமல் மூலையில் மாட்டிய சிறுத்தைதான் பாயும். வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லிவிட்டு, இருட்டியபின் குழந்தைகளைத் தனியாக வெளியே விடாமல், ஆடுகளை அடைத்து வைத்து, அது போக வழி விடுங்கள். "பிடித்து வேறு காட்டில் விடுங்கள்" என்று மறியல் செய்வதும் நல்லதில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வனக்கோட்டத்தில் 2001 முதல் பிடித்துப் பிடித்து இடம் மாற்றினார்கள். அதற்கு முன் சிறுத்தை மனிதரைத் தாக்குவது ஆண்டுக்குச் சராசரியாக 4 முறை, அதன் பிறகு 17.